நரம்புத் தளர்ச்சியும் ஓட்ஸ் மருந்தும்

குடும்ப நலம்



சென்ற மாதம் வந்த கடிதங்களுள் ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவர் எழுதியது அது.

"காலையில் எழும்போதே நாள் முழுவதும் உழைத்தவளைப் போலக் களைத்திருக்கிறேன். கதவு பட்டென்று சாத்தினாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது. பிள்ளைகள் ஏதேனும் கேட்டால் எரிந்து விழுகிறேன். பிறகு அடுக்களையில் தனியே நின்று அழுகிறேன். இரவில் படுத்தால் உறக்கம் வருவதில்லை. இது நரம்புத் தளர்ச்சி என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். ஓட்ஸ் செடியிலிருந்து எடுக்கும் 'அவினா சடைவா' என்னும் ஹோமியோபதி மருந்தை வெந்நீரில் சொட்டுக் கணக்கில் கலந்து குடித்தால் சரியாகிவிடுமாம். செடியிலிருந்து எடுப்பதால் கெடுதல் இல்லை என்கிறார். வாங்கிக் குடிக்கலாமா?"

சகோதரியே, 'குடிக்கலாம்' என்றோ 'கூடாது' என்றோ ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. இதே மருந்துக் குப்பியை நானும் ஒருமுறை கடையில் வாங்கியிருக்கிறேன். அதனால் விளைந்ததைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் நோயின் பெயரையும், மருந்தின் வரலாற்றையும் அறிந்து கொள்வோம்.

பெயர் வந்த வழி

'நரம்புத் தளர்ச்சி' நம் வீடுகளில் பழகிப்போன சொல். தலைசுற்றல், கை நடுக்கம், மறதி, படபடப்பு, உறக்கமின்மை, காரணமற்ற அழுகை ஆகிய எல்லாவற்றிற்கும் இந்த ஒரே பெயரைச் சூட்டி விடுகிறோம். பேருந்து நிலையச் சுவர்களில் இளைஞர்களை அச்சுறுத்திப் பணம் பறிக்கும் விளம்பரங்களும் இப்பெயரையே பயன்படுத்துகின்றன.

மேலை மருத்துவத்தில் இக்கருத்தைப் பரப்பியவர் நியூயார்க் நகர மருத்துவரான ஜார்ஜ் மில்லர் பியர்டு. 1869ஆம் ஆண்டு 'நியூரஸ்தீனியா' என்னும் பெயரில் இதனை விவரித்துக் கட்டுரை எழுதினார். 1880இல் தனி நூலே வெளியிட்டார். மனிதனிடம் உள்ள நரம்பு ஆற்றல் ஓர் அளவுக்கு உட்பட்டது. வரவுக்கு மேல் செலவு செய்தால் கையிருப்புத் தீர்ந்து போவதைப் போல அதுவும் தீர்ந்து போகும் என்பது அவரது எண்ணம். நீராவி இயந்திரம், தந்தி, செய்தித்தாள், அறிவியல் வளர்ச்சி ஆகியவற்றோடு, பெண்கள் மூளையைப் பயன்படுத்துவதையும் இந்நோய்க்குக் காரணமாக அவர் எழுதி வைத்தார்! இன்று படிக்கும்போது நகைப்பு வருகிறது. ஆயினும் அரை நூற்றாண்டுக் காலம் உலகமெங்கும் மருத்துவர்கள் இப்பெயரை எழுதி வந்தனர்.

பின்னர் இது சிறிது சிறிதாக வழக்கொழிந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனை நீக்கிவிட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்குத் தனி இடம் இல்லை. களைப்புப் பொய் என்பதனால் இவ்வாறு நீக்கவில்லை. பல தானியங்களை ஒரே சாக்கில் கொட்டி வைத்தாற்போல, வெவ்வேறு நோய்கள் இந்த ஒரு பெயருக்குள் கலந்து கிடந்தன. சாக்கை அவிழ்த்துப் பிரித்துப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும். இதனை நினைவில் வைத்துக் கொண்டு மருந்துக்கு வருவோம்.

வயலிலிருந்து குப்பிக்கு

அவினா சடைவா என்பது ஓட்ஸ் பயிரின் தாவரவியற் பெயர். தமிழ் நூல்கள் இதனைக் காடைக்கண்ணி என்றும் குறிக்கும். ஆதியில் கோதுமை, வாற்கோதுமை வயல்களில் களையாக முளைத்த புல் இது. குளிரும் ஈரமும் மிகுந்த வட ஐரோப்பிய நிலங்களில் கோதுமையைக் காட்டிலும் நன்றாக விளைந்தமையால், களையே பயிராயிற்று. அங்கே குதிரைக்குத் தீனியாகவும் ஏழைக்குக் கஞ்சியாகவும் நூற்றாண்டுகள் பல பயன்பட்டு வந்தது. நம் நாட்டிலும் பஞ்சாப், அரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் குளிர்காலத்தில் கால்நடைத் தீவனமாகப் பயிரிடுகிறார்கள்.

மருந்து செய்வதற்கு முற்றிய மணியை எடுப்பதில்லை. பூக்கும் பருவத்தில் பச்சைச் செடியை அறுத்து, ஆல்கஹாலில் ஊற வைத்து வடிக்கிறார்கள். அவ்வடிநீருக்கு 'மதர் டிங்சர்', அதாவது தாய்த் திராவகம், என்று பெயர்.

ஹோமியோபதி முறையை வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவரான சாமுவேல் ஹானிமன் என்பது பலரும் அறிந்ததே. அவர் வாழ்ந்த காலம் 1755 முதல் 1843 வரை. நலமுள்ளவரிடத்தில் எந்தப் பொருள் எந்தக் குறிகளை உண்டாக்குகிறதோ, அதே குறிகளோடு வரும் நோயாளிக்கு அப்பொருளே மருந்தாகும் என்பது அவரது கொள்கை. ஆனால் ஓட்ஸ் மருந்து அந்த வழியாக வந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மூலிகை மருத்துவர்கள் ஊட்ட மருந்தாகக் கொடுத்து வந்ததை, ஹோமியோபதியரும் தம் நூல்களில் சேர்த்துக் கொண்டனர். 1901இல் முதன்முதல் வெளிவந்ததும், இன்றும் நம் நாட்டு ஹோமியோபதி மருத்துவர் பலரின் மேசையில் இருப்பதுமான வில்லியம் போரிக்கின் கையேடு இதனை நரம்புக் களைப்புக்கும், நீண்ட நோய்க்குப் பின் வரும் தளர்ச்சிக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களின் உறக்கமின்மைக்கும் உரியதாகக் கூறுகிறது. பத்து முதல் இருபது சொட்டு வரை வெந்நீரில் தரலாம் என்பதும் அந்நூல் காட்டும் அளவே. பக்கத்து வீட்டு அக்கா சொன்னது எங்கோ கேட்டதாக இருக்கலாம்; ஆனால் அதற்கு ஏட்டில் இடமுண்டு.

குப்பிக்குள் இருப்பது என்ன?

ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் கடையில் கிடைக்கின்றன. தாய்த் திராவகத்தில் செடியின் சத்து சிறிதளவேனும் உண்டு. '30', '200' என்று எண்ணிட்டு வரும் வீரிய மருந்துகளின் நிலை வேறு. ஒரு பங்கை நூறு பங்காக நீர்த்து, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மீண்டும் நூறாக நீர்த்து, இவ்வாறே முப்பது முறை செய்தால் '30' என்னும் வீரியம் கிடைக்கும். ஒன்றுக்குப் பின் அறுபது சுழிகள் இட்ட அளவுக்கு அது நீர்த்ததாகும். பன்னிரண்டாம் முறையைத் தாண்டினாலே மூலப் பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சியிருக்க வாய்ப்பில்லை என்பது வேதியியற் கணக்கு. ஆகவே முப்பதாம் வீரியத்தில் ஓட்ஸ் செடியைத் தேடுவது வீண்.

தாய்த் திராவகத்தை 'செடிதானே, கெடுதல் இல்லை' என்று எண்ணி விடலாகாது. அதன் பெரும்பகுதி ஆல்கஹாலே. நூற்றுக்கு நாற்பது, அறுபது பங்கு என்று குப்பியின் மேலேயே அச்சிட்டிருக்கும். கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் இருப்பதே ஏறத்தாழ 43 பங்குதான். நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோபதி மருந்தை 30 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியில் சில்லறையாக விற்கலாகாது என்று இந்திய மருந்து விதிகளில் ஓர் ஏற்பாடே உண்டு. மருந்தென்று வாங்கி மதுவாகக் குடிப்போர் இருந்தமையால் எழுந்த காவல் அது.

இருபது சொட்டு என்பது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். நலமாயிருக்கும் பெரியவர் ஒருவருக்கு அந்த அளவால் பெருந்தீங்கு வரப் போவதில்லை. ஆனால் குடியை விட்டு மீண்டு வருகிறவருக்கு அந்த வாசனையே பழைய பசியை எழுப்பக் கூடும். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுபவர் சிறிதளவு ஆல்கஹால் சேர்ந்தாலும் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் கண்டு துன்புறுவார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வரலாம். அவருக்கு வேண்டியது மருத்துவமனைப் படுக்கை. கருவுற்ற பெண்களும், ஈரல் நோயாளரும், குழந்தைகளும் இத்திராவகத்தை நாடலாகாது. ஓட்ஸும் ஆல்ஃபால்ஃபாவும் சேர்த்து இனிப்புப் பாகில் செய்த டானிக் வகைகளை வாங்கும் நீரிழிவு நோயாளர், அதிலுள்ள சர்க்கரையைக் கவனிக்க வேண்டும்.

ஆராய்ச்சி கூறுவது

இம்மருந்து வேலை செய்கிறதா என்று எவரேனும் சோதித்தார்களா? சோதித்தார்கள். நம் நாட்டில் அபின் பழக்கத்தினருக்கு ஓட்ஸ் கஷாயம் தருவதை அறிந்த ஆனந்த் என்னும் மருத்துவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் புகைபிடிப்போருக்கு ஓட்ஸ் திராவகம் கொடுத்துப் பார்த்தார். சிகரெட்டின் எண்ணிக்கை குறைந்தது என்று 1971இல் 'நேச்சர்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் எழுதினார். பலரும் மகிழ்ந்தனர். பிறர் அச்சோதனையை மீண்டும் செய்து பார்த்தபோது அப்பயன் தென்படவில்லை என்ற செய்தி, 1974இல் அதே இதழில் வெளிவந்தது. ஒருவர் கண்டதை இன்னொருவரும் காண வேண்டும் என்பதே அறிவியலின் நெறி.

அண்மைக் காலத்தில், பச்சை ஓட்ஸ் செடியின் உலர்ந்த சாற்றை நூற்றுக் கணக்கான மில்லிகிராம் அளவில் கொடுத்துச் செய்த சில சிறு ஆய்வுகள், சில மணி நேரத்துக்குக் கவனக் கூர்மை சற்றுக் கூடியதாகக் கூறுகின்றன. சொட்டு மருந்தில் இருக்கும் அளவுக்கு அவை சான்றாகா. ஹோமியோபதி முழுவதையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய ஆஸ்திரேலிய நாட்டின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், இம்முறையால் குணமாகும் என்று நம்பத் தகுந்த சான்றுள்ள நோய் எதுவும் இல்லை என 2015இல் முடிவு கூறியது. நம் நாட்டிலோ 1973ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஏற்பு பெற்ற மருத்துவ முறை இது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் பல்லாயிரவர் உள்ளனர். இவ்விரண்டு உண்மைகளையும் உங்கள் முன் மறைக்காமல் வைக்கிறேன்.

கேட்கும் செவி

அப்படியானால், 'ஹோமியோபதி மருத்துவரிடம் சென்று வந்தபின் மனம் லேசானது' என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

நம் மக்களிடையே இம்முறை வேரூன்றியதில் ஒரு குருவுக்கும் பங்குண்டு. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் 1841இல் பிறந்த இயேசு சபைத் துறவி அகஸ்டஸ் முல்லர் அடிகளார், மங்களூருக்கு வந்து, 1880இல் கங்கநாடியில் ஏழையருக்கென ஹோமியோபதி மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். 1890இல் தொழுநோயாளருக்கு இல்லம் அமைத்தார். 1910இல் அவர் மறைந்தார். ஆனால் அவர் தொடங்கிய பணி வளர்ந்தது. இன்று அவர் பெயரால் விளங்கும் நிறுவனத்தில் ஹோமியோபதிக் கல்லூரியும் உண்டு. ஆங்கில மருத்துவக் கல்லூரியும் உண்டு.

நல்ல ஹோமியோபதி மருத்துவர் நோயாளியை உட்கார வைத்து நெடுநேரம் கேட்கிறார். எப்போது உறங்குகிறாய், எதற்கு அஞ்சுகிறாய், எந்த நேரத்தில் அழுகை வருகிறது என்று ஒவ்வொன்றாக வினவுகிறார். களைத்துப் போன ஒரு பெண்ணிடம் இவ்வளவு பொறுமையாகப் பேசிய முதல் மனிதர் சில வேளைகளில் அவராகவே இருப்பார். அந்த அரைமணி நேரமே பாதிப் பாரத்தை இறக்கி விடுகிறது. இதனை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால் கடைக்குச் சென்று குப்பியை மட்டும் வாங்கி வருகிறவருக்கு அந்தச் செவி கிடைப்பதில்லை, சொட்டுத்தான் கிடைக்கிறது.

என் வீட்டில் நடந்தது

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை இக்கடிதத்தில் உள்ளவாறே களைத்துப் போனார். நரம்புத் தளர்ச்சி என்று நாங்களே பெயர் வைத்தோம். நான்தான் கடைக்குச் சென்று ஓட்ஸ் திராவகத்தை வாங்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம், 'பரவாயில்லை போலிருக்கிறது' என்றார். வீட்டில் எல்லோரும் அவரைக் கவனித்துப் பேசியதால் வந்த தெம்பு அது என்று இப்போது தோன்றுகிறது. பிறகு மீண்டும் களைப்பு. 'இன்னும் கொஞ்ச நாள் குடித்துப் பாருங்கள்' என்றேன். இப்படியே எட்டு மாதங்கள் ஓடின.

சித்திரை வெயிலிலும் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக் கொண்டார். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குரல் கரகரத்தது. உணவு குறைந்தும் உடல் எடை ஏறியது. இவற்றை எல்லாம் கண்டும் நாங்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. வேறொரு காரணத்திற்காகச் சென்ற இடத்தில் ஒரு செவிலியர் அவர் முகத்தைப் பார்த்ததும், 'தைராய்டு பார்த்தீர்களா அம்மா?' என்று கேட்டார். ஒரே இரத்தப் பரிசோதனையில் உண்மை வெளிப்பட்டது. நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு சிறு மாத்திரை. சில மாதங்களில் பழைய தமக்கையைத் திரும்பப் பெற்றோம்.

திராவகம் அவருக்கு நஞ்சாகவில்லை. ஆனால் அது எட்டு மாதங்களை எடுத்துக் கொண்டது. ஏதோ மருந்து கொடுக்கிறோம் என்ற நிறைவில் நான் தேடுவதை நிறுத்தி விட்டேன். தமக்கை என்னை ஒருநாளும் குறை கூறியதில்லை. நான் அதனை மறக்கவும் இல்லை.

முதலில் தேட வேண்டியவை

எனவே, சகோதரியே, குப்பியை வாங்குமுன் இவற்றைத் தேடுங்கள்.

இரத்தச் சோகை: 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை உண்டு. களைப்பு, படபடப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் எல்லாம் இதன் குறிகளே. மாதவிலக்கில் உதிரப் போக்கு மிகுந்திருந்தால் அதனை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதீர்கள்.

தைராய்டு, நீரிழிவு: இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை போதும். கை கால் எரிச்சலும் மரத்துப் போதலும் இருந்தால், வைட்டமின் பி12 குறைவையும் பார்க்கச் சொல்லுங்கள். மரக்கறி உணவு மட்டுமே கொள்வோரிடம் இக்குறை மிகுதி.

காசநோய்: இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் உடனே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மனச்சோர்வு நோய்: இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, அழுகை, தன்னைத் தானே வெறுத்தல் ஆகியவை தொடர்ந்தால், அது பலவீனமான மனத்தின் குற்றமன்று, மருத்துவத்தால் குணமாகும் நோய். உயிர் வாழ்ந்து பயனென்ன என்னும் எண்ணம் ஒருமுறை எழுந்தாலும் ஒளிக்காதீர்கள். 2022இல் நடுவண் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் பேசலாம்.

இவற்றைப் பார்த்த பின்னும் மனம் விரும்பினால், பட்டம் பெற்ற ஹோமியோபதி மருத்துவரைக் கண்டு அவர் சொற்படி நடந்து கொள்ளுங்கள். சாப்பிடும் மற்ற மாத்திரைகளை அவரிடம் மறைக்காதீர்கள். எதனையும் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். ஓட்ஸை உணவாகக் கொள்வதாயின் தடையில்லை, நல்ல தானியம்தான். அதற்காகக் கடன்பட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. கம்பங்கூழில் இரும்புச் சத்து உண்டு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் களைப்பு இருக்கலாம். விடியுமுன் எழுந்து, எல்லோரும் உண்ட பின் எஞ்சியதை உண்டு, எல்லோரும் உறங்கிய பின் கண்ணயரும் பெண்ணுக்குக் களைப்பு வருவதில் வியப்பென்ன? அதற்கு எந்தச் செடியிலும் சாறு இல்லை.

கடிதம் எழுதிய சகோதரியின் கணவர் இதனைப் படிப்பாராயின், அவரை ஒன்று வேண்டுகிறேன். மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு வாரம் காலை வேலையில் பாதியை நீங்கள் ஏற்றுக் கொள்ளுங்கள். தண்ணீர் பிடிப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்வதும் உங்களால் ஆகாதவை அல்ல. பெரிய பிள்ளை இரவில் பாத்திரம் கழுவட்டும். அம்மா ஏழு மணி நேரம் தடையின்றி உறங்கட்டும். மதியத்திற்குப் பின் தேநீரும் காப்பியும் வேண்டாம். மாலையில் அரைமணி நேரம் இருவரும் சேர்ந்து நடந்து வாருங்கள். அப்போது அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

சகோதரியே, இவ்வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அருகிலுள்ள மருத்துவமனைக்கோ சென்று இரத்தப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். தனியே போக வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மேல் அன்பு கொண்டுதான் அவர் அந்த மருந்தைச் சொன்னார். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.